நிற்கும் இடம் எது? முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கட்டளைவரி

பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ, கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கோ கணினி படிக்க வருகிற பிள்ளைகளில் பலருக்கு, அதுவரை நன்றாகப் பழகிய கணினி என்றால் கையிலுள்ள போன்தான். போனில் எடுத்த படம் கேலரியில் தெரியும். வட்ஸ்அப்பில் வந்த பாடக்குறிப்பு வட்ஸ்அப்பிலேயே திறக்கும். அது எந்தக் கோப்புறைக்குள் கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை; கேட்கத் தேவையும் வராது. பிறகு ஒருநாள் ஆய்வுகூடத்தில் லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமையின் டெர்மினலைத் திறந்து, "இந்தக் கோப்பை அந்தக் கோப்புறைக்குக் கொண்டுபோங்கள்" என்கிறார்கள். பிள்ளை திகைப்பது அங்கேதான். கோப்புக்கு ஓர் இடம் உண்டு, அந்தக் கணினிக்குள் தனக்கும் ஓர் இடம் உண்டு என்பது அதுவரை பழக்கமில்லாத எண்ணம்.

கட்டளைகளைத் தட்டிக் கணினியிடம் வேலை வாங்கும் இந்த முறைக்குக் கட்டளைவரி என்று பெயர். அது பற்றிய பல குறிப்புகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஐம்பது கட்டளைகளை அட்டவணை போட்டுக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்கின்றன. பாடமாக்கியது இரண்டு கிழமையில் மறந்துவிடும். இடத்தை விளங்கிக்கொண்டால் மறக்காது. ஆகவே இங்கே குறைந்த கட்டளைகளைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். சாவிப்பலகையில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டவேண்டும். எல்எஸ் என்றால் எல், எஸ் என்ற இரண்டு எழுத்துகள், அவ்வளவுதான். கட்டளை ஒரு சொல்லாக இருந்தால் எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன். கோப்புகளின் பெயர்கள் மட்டும் உண்மையிலேயே தமிழ். லினக்ஸ் அவற்றை மறுப்புச் சொல்லாமல் ஏற்கும்.

டெர்மினல் என்பது நாம் தட்டுவதையும் கணினி சொல்வதையும் காட்டும் திரை மட்டும்தான். தட்டியதை வாசித்து வேலை செய்விப்பது அதற்குள் ஓடும் ஷெல் என்ற நிரல். லினக்ஸில் பெரும்பாலும் அது பாஷ். பிரையன் ஃபொக்ஸ் எழுதி 1989இல் வெளிவந்தது. அப்பிள் கணினிகளில் 2019 முதல் இயல்பாக வருவது இசட்-ஷெல். இந்தக் கட்டுரை அளவுக்கு இரண்டும் ஒன்றுதான். இவற்றுக்கெல்லாம் மூலம் யுனிக்ஸ். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் 1969இல் தொடங்கிய பணிசெயல் முறைமை அது. அந்தக் காலத்தில் திரை கிடையாது. ரெலிரைப் எனப்படும் தட்டச்சு இயந்திரத்தில் தட்டினால் பதில் கடதாசியில் அச்சாகும், செக்கனுக்கு 10 எழுத்துகள் என்ற வேகத்தில். கட்டளைகள் இரண்டெழுத்து மூன்றெழுத்தாகச் சுருங்கியிருப்பதற்கும், வேலை சரியாக முடிந்தால் கணினி எதுவும் சொல்லாமல் இருப்பதற்கும் காரணம் அந்த மெதுவான இயந்திரம்தான். இதைத் தெரிந்து வைத்திருங்கள்: ஒரு கோப்பை நகர்த்தியபின் திரையில் ஒன்றும் வராவிட்டால், வேலை நடந்துவிட்டது என்று அர்த்தம்.

பழக என்ன வேண்டும்? உபுண்டு போன்ற லினக்ஸ் உள்ள கணினி இருந்தால் மேலதிகமாக ஒன்றும் தேவையில்லை. விண்டோஸ் மடிகணினி என்றால், அதற்குள்ளேயே லினக்ஸை ஓடவைக்கும் வசதியை மைக்ரோசொஃப்ட் தருகிறது. தரவிறக்கம் பெரிதாக இருக்கும் என்பதால் நூலகத்திலோ பீடத்திலோ நல்ல இணைப்பு கிடைக்கும்போது செய்துகொள்ளுங்கள். விண்டோஸுக்குள் பாஷைத் தரும் கிட் பாஷ் என்ற மென்பொருள் அதைவிடச் சிறியது, தொடக்கத்துக்குப் போதும். மடிகணினியே இல்லாத பிள்ளையும் பின்தங்கத் தேவையில்லை. அன்ட்ரொய்ட் போனில் டெர்மக்ஸ் என்ற செயலியை எஃப்-டிராய்ட் தளத்திலிருந்து நிறுவினால் உண்மையான பாஷ் கைக்குள் வந்துவிடும். பஸ்ஸில் இருந்துகொண்டும் பழகலாம்.

சரி, டெர்மினலைத் திறந்தாயிற்று. டொலர் குறியும் அதற்குப் பக்கத்தில் மின்னும் கோடும் தெரிகின்றன. "நான் தயார், சொல்லுங்கள்" என்பதற்கான அடையாளம் அந்த டொலர் குறி. புத்தகங்களில் கட்டளைக்கு முன்னால் அது அச்சாகியிருந்தால் அதையும் சேர்த்துத் தட்டக் கூடாது.

முதலில் தட்ட வேண்டியது இது:

பிடபிள்யூடி

என்டர் அழுத்தினால் கோடுகளால் பிரித்த ஒரு வரி வரும். உங்கள் பயனர் பெயர் நிலா என்றால் /ஹோம்/நிலா என்பதுபோல இருக்கும். நீங்கள் இப்போது நிற்கும் இடம் அது. டெர்மினலில் நீங்கள் எப்போதுமே ஏதோ ஒரு கோப்புறைக்குள் நிற்கிறீர்கள். நிற்காத நேரமே இல்லை. மவுஸால் வேலை செய்யும்போது கோப்புறை கண்முன்னே திறந்திருக்கும். இங்கே அது தெரியாது, ஆனால் தட்டும் ஒவ்வொரு கட்டளையும் அந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது.

அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க எல்எஸ். கொஞ்சம் விவரமாக, அளவும் திகதியும் சேர்த்துப் பார்க்க எல்எஸ் -எல். புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகள் வழமையாக மறைந்திருக்கும். அவற்றையும் பார்க்க எல்எஸ் -ஏ. கட்டளைக்கும் சிறுகோட்டுக்கும் இடையில் ஓர் இடைவெளி விடவேண்டும். முதல் கிழமையில் வரும் பிழைகளில் நிறைய, விடுபட்ட அந்த இடைவெளிதான்.

இடம் மாறுவதற்கு சிடி. புதிய கோப்புறை உண்டாக்க எம்கேடிர். எம், கே, டி, ஐ, ஆர் என்று ஐந்து எழுத்துகள்.

எம்கேடிர் முதலாம்ஆண்டு
சிடி முதலாம்ஆண்டு
பிடபிள்யூடி

மூன்றாவது வரிக்கு /ஹோம்/நிலா/முதலாம்ஆண்டு என்று பதில் வரும். ஒரு படி மேலே போக, சிடி எழுதி இடைவெளி விட்டு இரண்டு புள்ளிகள். எங்கே போய் மாட்டிக்கொண்டாலும் சொந்தக் கோப்புறைக்குத் திரும்ப சிடி என்று மட்டும் தட்டினால் போதும். அந்தச் சொந்த இடத்துக்கு ~ என்ற குறி உண்டு. தனிப் புள்ளி ஒன்று, "இப்போது நிற்கும் இதே இடம்".

இனி முகவரி. இதை ஆறுதலாக வாசியுங்கள், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாம் இதிலேதான் தங்கியிருக்கிறது. ஒருவர் மாங்குளம் சந்தியில் நின்று வழி கேட்கிறார். "கிழக்கே திரும்பிப் போங்கள்" என்றால் ஒட்டுசுட்டானுக்குப் போய்ச் சேருவார். அதே வார்த்தையைப் பரந்தன் சந்தியில் நிற்பவருக்குச் சொன்னால் அவர் தருமபுரம், விசுவமடு தாண்டிப் புதுக்குடியிருப்புக்குப் போவார். சொன்ன வழி ஒன்று. நின்ற சந்தி வேறு. சிடி முதலாம்ஆண்டு என்பதும் அப்படித்தான். "நான் நிற்கும் இடத்துக்குள் இருக்கும் முதலாம்ஆண்டு" என்று அதற்கு அர்த்தம். நிற்கும் இடத்தில் அப்படி ஒன்று இல்லாவிட்டால் கணினியால் போக முடியாது. சிடி /ஹோம்/நிலா/முதலாம்ஆண்டு என்று சாய்கோட்டில் தொடங்கி எழுதினால் அது முழு முகவரி. எங்கே நின்று தட்டினாலும் அதே இடத்துக்குத்தான் கொண்டுபோகும். முதலாவதைச் சார்பு முகவரி என்றும் இரண்டாவதைத் தனி முகவரி என்றும் சொல்லலாம். நிரல் எழுதத் தொடங்கியபின் "என் மடிகணினியில் ஓடியது, ஆய்வுகூடத்தில் கோப்பைக் காணவில்லை என்கிறது" என்ற முறைப்பாட்டை அடிக்கடி கேட்பீர்கள். அதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இருக்கும்.

பெயர்களில் இரண்டு எச்சரிக்கைகள். ஆங்கிலப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வெவ்வேறு. அப்புறம், பெயருக்குள் இடைவெளி விட்டால் ஷெல் அதை இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும். முதலாம் ஆண்டு என்று பிரித்து எழுதினால் முதலாம் ஒன்று, ஆண்டு ஒன்று என இரண்டு கோப்புறைகள் உண்டாகும். சேர்த்தே எழுதுங்கள், அல்லது அடிக்கோடு போடுங்கள். நிரல் கோப்புகளுக்கு மட்டும் ஆங்கிலப் பெயரே வையுங்கள், ஏனென்றால் சில பழைய கருவிகள் தமிழ்ப் பெயரில் தடக்கி நிற்கும்.

கணினி பதில் சொல்லும்போது அதை வடிவாக வாசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பிழைச் செய்தி வந்தவுடன் கண்ணை எடுத்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையைக் கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் தயக்கம் உள்ளவர்களுக்கு அது இன்னும் கூட. ஆனால் தொடக்கத்தில் வரும் செய்திகள் உண்மையில் மூன்றே வகை. "கமாண்ட் நொட் ஃபவுண்ட்" என்றால் கட்டளையின் எழுத்துக்கூட்டல் பிழை, அல்லது அந்த நிரல் நிறுவப்படவில்லை. "நோ சச் ஃபைல் ஓர் டிரெக்டரி" என்றால் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கையில் அந்தப் பெயரில் ஒன்றுமில்லை; உடனே பிடபிள்யூடி, எல்எஸ் இரண்டையும் தட்டிப் பாருங்கள். "பெர்மிஷன் டினைட்" என்றால் அதைத் தொட உங்களுக்கு உரிமை இல்லை. இந்த மூன்றாவதற்கு மருந்தாக சுடூ என்ற சொல்லைக் கட்டளைக்கு முன்னால் போடும்படி இணையத்தில் நிறையப் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். அது முறைமை நிருவாகியின் அதிகாரத்தை எடுத்துக் கொடுப்பது. ஏன் தடுக்கிறது என்று விளங்காமல் அதைப் போட வேண்டாம்.

தட்டுவதை எளிதாக்கும் சாவிகளை முதல் நாளே பழகிவிடுங்கள். பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டி ரப் (Tab) சாவியை அழுத்தினால் மீதியை ஷெல்லே நிரப்பும். நிரப்பவில்லை என்றால், அந்தத் தொடக்கத்தில் பல பெயர்கள் இருக்கின்றன, அல்லது அப்படி ஒரு பெயரே அங்கே இல்லை. எழுத்துப்பிழையைத் தட்டும்போதே கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. மேல் அம்புக்குறி முன்பு தட்டியவற்றைத் திரும்பக் கொண்டுவரும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்த கொன்ட்ரோலும் சி-யும். இங்கே அந்தச் சேர்க்கை பிரதி எடுக்காது. லினக்ஸ் டெர்மினலில் பிரதி எடுக்க ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தவேண்டும்.

கோப்பைப் பிரதி எடுக்க சிபி, நகர்த்தவும் பெயர் மாற்றவும் எம்வி. இரண்டுக்கும் முதலில் இருப்பதன் பெயர், அதன்பின் போகவேண்டிய இடம். இதில் சொல்ல அதிகமில்லை. போகும் இடத்தில் அதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருந்தால் கேட்காமல் அதன் மேலே எழுதிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆர்எம் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும். அது கோப்பை அழிக்கும் கட்டளை. இங்கே குப்பைத்தொட்டி கிடையாது. அழித்தால் அழித்ததுதான். நட்சத்திரக் குறியைச் சேர்த்து ஆர்எம் * என்று தட்டினால், மறைந்திருப்பவை தவிர, நிற்கும் கோப்புறையிலுள்ள எல்லாக் கோப்புகளும் போய்விடும். கவனியுங்கள்: நிற்கும் கோப்புறையில். பழைய பயிற்சிக் கோப்புகளை அழிக்கிறேன் என்று நினைத்து, ஒரு படி மேலே நின்று தட்டினால் அந்தத் தவணையின் ஒப்படை போகும். கட்டளை செய்தது சரி. நின்ற இடம்தான் பிழை. ஆகவே ஆர்எம் தட்டுமுன் பிடபிள்யூடி. நட்சத்திரம் போடுவதானால், அதே நட்சத்திரத்தோடு முதலில் எல்எஸ் தட்டிப் பாருங்கள். நிற்கும் கோப்புறையில் எல்எஸ் காட்டும் கோப்புகளைத்தான் ஆர்எம் அழிக்கும். பழகும் காலத்தில் ஆர்எம் -ஐ என்று தட்டினால் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அழிக்கும். கோப்புறையை உள்ளே உள்ளவற்றோடு அழிக்கும் -ஆர், கேள்வியே கேட்காத -எஃப் இரண்டையும் சேர்த்து எழுதிய வரி ஏதாவது இணையப் பக்கத்தில் கண்டால், விளங்காமல் எடுத்து ஒட்ட வேண்டாம்.

இனி, கட்டளைவரி ஏன் இவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதற்கு வருவோம். நானோ (என், ஏ, என், ஓ) என்று தட்டி இடைவெளி விட்டு மழை என்று கோப்புப் பெயர் கொடுங்கள். எளிய எழுதுகருவி ஒன்று திறக்கும். கீழே உள்ள வரிகளை எழுதுங்கள். எண்கள் பயிற்சிக்காக நான் போட்டவை, அளந்தவை அல்ல. கொன்ட்ரோலும் ஓ-வும் அழுத்தி என்டர் தட்டினால் சேமிக்கும், கொன்ட்ரோலும் எக்ஸும் வெளியே கொண்டுவரும்.

பரந்தன் செப்டெம்பர் 95
மாங்குளம் ஒக்டோபர் 210
பரந்தன் ஒக்டோபர் 185
மாங்குளம் நவம்பர் 340
ஒட்டுசுட்டான் நவம்பர் 365
பரந்தன் நவம்பர் 310
மாங்குளம் டிசம்பர் 275

கோப்பைத் திரையில் காட்ட கேட். சி, ஏ, ரீ. கோப்பு நீளம் என்றால் லெஸ். எல், ஈ, எஸ், எஸ். லெஸ்ஸிலிருந்து வெளியே வர கியூ என்ற எழுத்தை அழுத்துங்கள். சில டெர்மினல்களில் தமிழ் எழுத்துகள் கொம்பும் புள்ளியும் பிரிந்து சிதறித் தெரியும். திரையின் குறைபாடுதான் அது, கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாங்குளத்து வரிகளை மட்டும் பொறுக்க கிரெப். ஜி, ஆர், ஈ, பி.

கிரெப் மாங்குளம் மழை

மூன்று வரிகள் வரும். வரிகளை ஒழுங்குபடுத்த சோர்ட். எஸ், ஓ, ஆர், ரீ. ஒவ்வொரு வரியிலும் மூன்றாவதாக உள்ள மழையளவின்படி ஒழுங்குபடுத்துவதானால் சோர்ட் -கே3 மழை என்று தட்டலாம் என்று தோன்றும். தட்டிப் பாருங்கள், 95 கடைசிக்குப் போய்விடும். எழுத்தாகப் பார்த்தால் 9 என்பது 3க்குப் பின்னால்தானே வருகிறது. எண்ணாகப் பார்க்கச் சொல்ல -என் சேர்க்கவேண்டும். கடைசி வரியை மட்டும் எடுக்க டெயில். ரீ, ஏ, ஐ, எல். இப்போது மூன்றையும் கோர்ப்போம்:

கிரெப் மாங்குளம் மழை | சோர்ட் -என் -கே3 | டெயில் -என் 1

மாங்குளத்தில் கூடுதலாக மழை பெய்த மாதம், நவம்பர் 340, ஒரே வரியில் வந்து நிற்கும். நடுவில் உள்ள நிமிர்ந்த கோட்டின் பெயர் பைப். இடப்பக்கத்துக் கட்டளை சொல்வதைத் திரைக்கு விடாமல் வலப்பக்கத்துக் கட்டளையிடம் கொடுக்கிறது. டக்ளஸ் மக்கில்ரோயின் யோசனையாக இருந்த இதை 1973இல் கென் தொம்சன் யுனிக்ஸுக்குள் கொண்டுவந்தார். மாங்குளத்து மழையை ஆராயும் நிரல் ஒன்றை யாரும் நமக்கு எழுதித் தரவில்லை. தனித்தனியே ஒரு சின்ன வேலை மட்டும் தெரிந்த மூன்று நிரல்களைக் கோர்த்து நாமே செய்துகொண்டோம். வரிகள் ஏழாக இல்லாமல் ஏழு லட்சமாக இருந்தாலும் தட்டுவது இதே வரிதான். கணினி விஞ்ஞானத்தில் பின்னால் படிக்கப்போகும் பல பெரிய விஷயங்களின் விதை இதற்குள் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே நேரமெடுத்து விளையாடிப் பாருங்கள். ஒரேயடியாக முழு வரியையும் எழுதாமல், ஒரு துண்டை ஓடவைத்துப் பார்த்து, சரியென்றால் அடுத்த துண்டைச் சேருங்கள்.

விடையைக் கோப்பில் சேமிக்க > குறி. கட்டளை வரியின் முடிவில் > விடை என்று சேர்த்தால் திரைக்குப் பதிலாக விடை என்ற கோப்புக்குள் போகும். பழைய உள்ளடக்கம் இருந்தால் அழிந்துவிடும். அழிக்காமல் அடியில் சேர்க்க >> என இரண்டு. வாசிக்கும் கோப்பையே எழுதும் கோப்பாகவும் கொடுத்து, சோர்ட் மழை > மழை என்று எழுதிவிடக் கூடாது. சோர்ட் வாசிக்கத் தொடங்குமுன்னே ஷெல் அந்தக் கோப்பை வெறுமையாக்கிவிடும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு எளிதாகக் கிடைக்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது. எக்கோ என்பது கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும் கட்டளை. ஈ, சி, எச், ஓ. டபிள்யூசி எண்ணிச் சொல்லும்: -எம் என்றால் குறிகளை, -சி என்றால் பைட்டுகளை.

எக்கோ வன்னி | டபிள்யூசி -எம்
எக்கோ வன்னி | டபிள்யூசி -சி

நம் கண்ணுக்கு வன்னி மூன்று எழுத்து. முதல் வரி 6 என்கிறது, இரண்டாவது 16 என்கிறது. எக்கோ கடைசியில் சேர்க்கும் வரிமுடிவுக் குறி ஒன்றைக் கழித்தால் 5, 15. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோட்டில் ன் என்பது ன-வும் புள்ளியுமாக இரண்டு குறிகள், னி என்பது ன-வும் இகரக் குறியுமாக இரண்டு, வ ஒன்று. ஆக ஐந்து. அந்தக் குறிகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும், ஆகவே 15. சி மொழியில் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்றும், பைதனில் கேட்டால் 5 என்றும் விடை வருவது இதனால்தான். ஆங்கிலத்தில் மட்டும் படிக்கும் மாணவர் இதை வெகு பிந்தித்தான் சந்திப்பார். உங்களுக்கு முதல் கிழமையிலேயே கைக்குள் இருக்கிறது.

தூரத்திலுள்ள கணினியில் வேலை செய்ய எஸ்எஸ்எச். பீடத்தில் மாணவர்களுக்குச் சேவையகம் இருந்தால், பயனர் பெயரும் முகவரியும் தருவார்கள். துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ வீட்டிலிருந்தபடி அதற்குள் நுழையலாம். போய்வருவது வெறும் எழுத்துகள் என்பதால் சிக்னல் மெலிந்த இடத்திலும் வேலை நடக்கும், டேற்றாவும் மிகக் கொஞ்சம்தான் போகும். கடவுச்சொல் தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூடத் தெரியாது. சாவிப்பலகை பழுதில்லை, தட்டி முடித்து என்டர் அழுத்துங்கள். இணைப்பு அறுந்தால் அங்கே ஓடிய நிரலும் நின்றுவிடும். அதைத் தடுக்க டிமக்ஸ் என்ற கருவி உண்டு. அதற்குள் நிரலை ஓடவிட்டால், கரண்ட் போய் வீட்டு ரவுட்டர் நின்றாலும் சேவையகத்தில் உங்கள் வேலை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். திரும்ப நுழைந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பெரும்பாலான கட்டளைகளின் முழு விவரம் கணினிக்குள்ளேயே இருக்கிறது. மேன் என்று தட்டி, இடைவெளி விட்டு, கட்டளையின் பெயரைக் கொடுங்கள். எம், ஏ, என். இணைப்பு தேவையில்லை. வெளியே வர இங்கும் கியூதான். கிட் பாஷில் மேன் இல்லை. அங்கே கட்டளைக்குப் பின்னால் --ஹெல்ப் (எச், ஈ, எல், பி) என்று சேர்த்தால் சுருக்கமான விளக்கம் வரும்.

ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறீர்கள் என்றால் அதை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். நானோவில் அறிக்கை என்ற கோப்பைத் திறந்து மேலே சொன்ன பைப் வரியை அப்படியே எழுதிச் சேமியுங்கள். பிறகு:

பாஷ் அறிக்கை

பாஷ் என்பது பி, ஏ, எஸ், எச். மாங்குளத்தின் 340 மறுபடி வரும். மழை என்ற கோப்பில் ஜனவரி வரி ஒன்றைச் சேர்த்துவிட்டு மீண்டும் ஓடவைத்தால் புதிய கணக்கோடு விடை வரும். அறிக்கையும் மழையும் ஒரே கோப்புறையில் இருக்க, நீங்களும் அதற்குள் நிற்க வேண்டும். வேறெங்கும் நின்று ஓடவைக்க விரும்பினால் கோப்புக்குள் மழை என்பதற்குப் பதிலாக அதன் தனி முகவரியை எழுதி, அறிக்கைக்கும் தனி முகவரி கொடுங்கள். # குறியில் தொடங்கும் வரியை பாஷ் வாசிக்காமல் தாண்டிப் போகும். அந்த வரியில் இந்தக் கோப்பு என்ன செய்கிறது, எப்போது எழுதியது என்று தமிழிலேயே குறித்து வையுங்கள். அடுத்த தவணையில் திறக்கும்போது உதவும்.